கரண்ட் வைத்த மடி

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், செத்துப்போனவர்கள் வரிசையில் என் போட்டோவைப் பார்த்தேன்.

பதறாதீர்கள். கனவு கினவு எதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்தது.

என் கடைசித் தங்கச்சி கலைச்செல்விக்கு ஜெயங்கொண்டத்தில் வீடு. அவள் மகன் கவினுக்கு மூன்று வயது. பையனுக்கு மொட்டை போட்டுக் காது குத்துகிறார்கள். நம் பக்கம் காதுகுத்து என்றால் சாமி வருகிறதோ இல்லையோ, ஃபிளக்ஸ் பேனர் வந்தாக வேண்டும். அந்த பேனரின் டிசைனைத்தான் குடும்ப குரூப்பில் போட்டிருந்தார்கள்.

நடுவில் கவின், ஒரு புல்லட் மேல் உட்கார்ந்திருக்கிறான். அவன் கால் பெடலுக்குக்கூட எட்டாது. மேலே, இரண்டு குத்துவிளக்குக்கு நடுவில் மூன்று போட்டோ. முதலாவது எங்கள் அப்பா. போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. இரண்டாவது கலையின் மாமனார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மூன்றாவது... நான். பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு!

கீழே 'தாய்மாமன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த இடத்தில் என் சித்தப்பா மகன் ராஜா. கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, தேர்தலில் நிற்கிற ஆள் மாதிரி.

என் மனைவி மல்லிகா எனக்கு முன்பே பார்த்துவிட்டாள். என் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, சார்ஜ் இல்லை என்றாள். இருபத்தைந்து வருஷமாகக் கூட வாழ்கிறேன், அவள் பொய் சொன்னால் மூக்கு நுனி சிவக்கும் என்று எனக்குத் தெரியாதா?

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ப்ராஸ்டேட் கேன்சர் வந்ததும், ஊசி மாத்திரை என்று அதை அடக்கி வைத்ததும் இந்தப் பத்திரிகையில் என் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அடங்கித்தான் இருந்தது. இந்த வருஷம் மெல்ல ஏறி என் முதுகுத்தண்டில் உட்கார்ந்துகொண்டது. முதலில் சாதாரண முதுகுவலி என்று தைலம் தேய்த்தேன். பிறகு தும்மினால் உயிர் போனது. பெரம்பலூரில் பஸ் ஏறி அரியலூர் போய் இறங்குவதற்குள், ரோட்டில் எத்தனை ஸ்பீடு பிரேக்கர் இருக்கிறது என்று என் முதுகே சொல்லும். கடைசியில் வலது காலில் எறும்பு ஊர்கிற மாதிரி ஆரம்பித்ததும்தான் மல்லிகா என்னைத் திருச்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. ரேடியேஷன் வைக்க வேண்டும் என்றார். நோயை வேரோடு பிடுங்குவதற்கு அல்ல; வலியைக் குறைக்க, எலும்பு இன்னும் நொறுங்காமல் இருக்க, நரம்பு நசுங்கிக் கால் இரண்டும் விழுந்துவிடாமல் காப்பாற்ற.

"நீங்க நடக்கணும்ல சார்?" என்று கேட்டார்.

நடக்கணும் மேடம். கண்டிப்பாக நடக்கணும். உடனே ஆரம்பித்தார்கள்; தினமும் திருச்சிக்குப் போய் வந்தோம்.

ரேடியேஷன் என்று டாக்டர்கள்தான் சொல்வார்கள். நம் ஜனங்களுக்கு அது 'கரண்ட் வைக்கிறது'. எங்கள் தெருவிலிருந்து ஆஸ்பத்திரி வராண்டா வரைக்கும் இந்தப் பேச்சுத்தான். உங்களுக்கு எத்தனை கரண்ட் முடிஞ்சுது? எங்க வூட்டுக்காரருக்கு கழுத்துல கரண்ட். இப்படி. பேர் வைத்தது யாரோ, தெரியாது. ஆனால் பேர் ஒட்டிக்கொண்டது. கூடவே ஒரு பயமும் ஒட்டிக்கொண்டது. உடம்பில் கரண்ட் ஏற்றினால் அது உடம்பிலேயே நிற்கும், தொட்டால் அடுத்தவருக்கும் பாயும் என்று.

சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். எதிர்வீட்டுக்காரர், படித்தவர், பேரன் போட்டோ காட்ட வந்தவர், போனை என் கையில் தராமல் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். என் கையில் கொடுத்தால் செல் வெடித்துவிடுமாம்! எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்குக் கை வலிக்கிறதே என்றுதான் சீக்கிரம் பார்த்து முடித்தேன்.

பேனர் விஷயத்தில் கோபம் வந்தது. கலைக்குப் போன் போட்டேன். என்னை எதற்கு மேலே ஏற்றி வைத்தீர்கள் என்று கேட்டேன். மரியாதைக்குத்தான் என்றாள். பெரியவர்கள் ஆசி என்று அந்த வரிசைக்குப் பேராம். அந்த வரிசையில் மூச்சு விடுகிற ஆள் நான் ஒருத்தன்தானே, அது உன் கண்ணில் படவில்லையா என்றேன்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். "அண்ணே... நீ வந்து நின்னாலே போதும்ணே. மடியில ராஜா வச்சுக்கட்டும். எங்க அத்தை ரொம்ப பயப்படுறாங்க. கரண்ட் வச்ச ஒடம்பு, பச்சப்புள்ளைக்கு ஆவாதுங்கறாங்க."

"நீ என்ன சொல்ற?"

அதற்கு அவள் அழுதாள்.

அவள் மாமியாரை ஒரேயடியாகத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. கவின் லேசில் வந்த பிள்ளை இல்லை. கல்யாணமாகிப் பல வருஷம், கோயில் கோயிலாகவும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகவும் அலைந்து பெற்ற பிள்ளை. அவன் தும்மினாலே அந்தம்மா சுற்றிப் போடுவார். பயப்படட்டும், தப்பில்லை. ஆனால் கலை? நான் தூக்கி வளர்த்த கலை?

பெண் கொடுத்த வீட்டுக்காரனுக்குக் காலம் பூராவும் கொடுக்கிற வேலைதான். சீர் கொடு, செய்முறை கொடு, தீபாவளிக்குக் கொடு, பொங்கலுக்குக் கொடு. அவன் வாங்குவது என்று ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. காதுகுத்தன்று தங்கச்சி பிள்ளையை மடியில் வாங்குவது. எங்கள் வீட்டில் பெண்கள் நடுவே நான் ஒரே ஆண்பிள்ளை. அந்த மடி என்னுடையது. என் முதுகு உளுத்துப்போனால் என் மடியுமா செல்லாது?

மறுநாள் திருச்சியில் டாக்டரம்மாவிடம் நேராகக் கேட்டேன். மேடம், ஞாயிற்றுக்கிழமை என் தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து. மடியில் வைத்துக்கொள்ளலாமா?

"பையன் எத்தனை கிலோ?" என்றார்.

ஊரே என் உடம்பில் எத்தனை கரண்ட் என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, ஒருத்தர் மட்டும் பையன் எத்தனை கிலோ என்று கேட்டார்! எனக்கு எழுந்து கும்பிடத் தோன்றியது.

கரண்டும் கிடையாது ஒன்றும் கிடையாது, மிஷினை நிறுத்தினால் அதோடு முடிந்தது, உங்களிடமிருந்து யாருக்கும் எதுவும் போகாது என்றார். ஆனால் அந்த எலும்பு இன்னும் பலவீனம்தான், இறுகுவதற்கு மாசக்கணக்கில் ஆகும். அதனால் பையனை நீங்கள் தூக்கவே கூடாது. குனியக் கூடாது, திரும்பக் கூடாது. தரையில் உட்காரக் கூடாது. முதுகு நிமிர்ந்த நாற்காலி, முதுகுக்கு பெல்ட், பக்கத்தில் ஒரு ஆள். யாராவது மடியில் வைக்கட்டும், அவர்களே எடுக்கட்டும். தூக்கினீர்கள் என்று கேள்விப்பட்டால் நடப்பதே வேறு என்று விரலை ஆட்டினார். எனக்கு மகள் வயசுதான் இருக்கும். பயந்துதான் போனேன்.

ஆக, மடியில் வைக்கக் கூடாது என்று பயந்தவர்களின் காரணம் தப்பு. ஆனால் பயப்பட வேண்டிய காரணம் ஒன்று நிஜமாகவே இருக்கிறது. அது எனக்குத்தான், பிள்ளைக்கு இல்லை. அப்படியானால் முடிவு செய்ய வேண்டியவன் யார்? நான்தானே!

அன்றைக்கு மிஷின் ரூமில் படுத்திருந்தபோது இதேதான் மண்டையில் ஓடியது. அந்த ரூம் எப்படி இருக்கும் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். ஏசி குளிர். பலகை மாதிரி ஒரு மேஜை. சட்டையைக் கழற்றிவிட்டு மல்லாக்கப் படுக்க வேண்டும். வலிக்கிற முதுகை அந்தப் பலகையில் கிடத்துவதுதான் கஷ்டமே தவிர, வேறொன்றும் இல்லை. உடம்பில் முன்பே புள்ளி வைத்திருப்பார்கள். அதில் கோடு கோடாக வெளிச்சம் வந்து சரியாக விழும் வரைக்கும் நம்மை இப்படி அப்படி நகர்த்துவார்கள். அப்புறம் எல்லோரும் வெளியே போய்க் கனமான கதவைச் சாத்திக்கொள்வார்கள். மிஷின் நம்மைச் சுற்றி வரும். கோயிலில் நாம் சாமியைச் சுற்றுவோம், இங்கே சாமி நம்மைச் சுற்றுகிறது என்று நினைத்துக்கொள்வேன். சூடு கிடையாது, சுருக்கென்று கூடக் கிடையாது. ஒரு பாட்டு முடிகிற நேரத்தில் முடிந்துவிடும்.

அந்தக் கதவு சாத்துகிற நேரம் பயம் வரும். பொய் சொல்ல மாட்டேன். நாலு பேர் அவசரமாக வெளியே போக, நாம் மட்டும் உள்ளே கிடக்கிறோமே என்று தோன்றும். ஆனால் அன்றைக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. வந்த கோபத்தில் முதுகுவலியே கொஞ்ச நேரம் மறந்துவிட்டது.

இந்தக் கோபம் நோய் மேல் இல்லை. நோய் அதன் வேலையைப் பார்க்கிறது. கேன்சரோடு போராடும் வீரர் என்றெல்லாம் எனக்கு மெயில் அனுப்பாதீர்கள். நான் எந்தப் போரும் செய்யவில்லை. படு என்றால் படுக்கிறேன், எழுந்திரு என்றால் எழுந்திருக்கிறேன். என் கோபமெல்லாம் 'பாவம், அவரைத் தொந்தரவு பண்ணாதீங்க' என்கிற அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான்.

இந்த வாக்கியம் மாதிரி ஆளைக் கொல்கிற மருந்து வேறில்லை. எங்கள் தெருப் பொங்கல் கமிட்டியில் வருஷக்கணக்காகச் செயலாளராக இருந்தேன். இந்த வருஷம் ரெஸ்ட் எடுங்க சார் என்றார்கள். டீக்கடையில் அரசியல் பேசி என் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போடும் நண்பர், இப்போது நான் எதைச் சொன்னாலும் மண்டையை ஆட்டுகிறார். எத்தனை பெரிய அவமானம் தெரியுமா அது? இருக்கும்போதே ஆளுடைய இடத்தை ஒவ்வொன்றாகக் காலி செய்து, அதில் ராஜாவை உட்கார வைத்துவிடுகிறார்கள். எல்லாம் பாசத்தில்தான். பாசத்தில் செய்தால் வலிக்காதா?

வீட்டுக்கு வந்ததும் மல்லிகாவிடம், நாம் போகிறோம், மடியில் நான்தான் வைக்கிறேன் என்றேன். தடுப்பாள் என்று நினைத்தேன். அவள் டாக்டரம்மா சொன்னதை எல்லாம் என்னை மறுபடி ஒப்பிக்க வைத்தாள். அப்புறம் எழுந்து, நம் வீட்டில் எந்த நாற்காலி நிமிர்ந்து இருக்கிறது என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தாள்.

கரண்ட் எல்லாம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே கிளம்பிவிட்டோம். டிக்கியில் ஒரு மர நாற்காலி. பின் சீட்டில் சீர்த்தட்டு, பழம், பையனுக்குப் பட்டு வேட்டி, தங்கத்தில் சின்னதாக இரண்டு கம்மல். வாடகைக் கார் டிரைவரிடம் மல்லிகா முன்பே பேசி வைத்திருந்தாள். சிமெண்ட் லாரி எதிரே வந்தாலும் பிரேக்கை மிதிக்காமல் தடவ வேண்டும் என்று. அவரும் தடவித் தடவித்தான் ஓட்டினார். வலி முன்பு மாதிரி இல்லை. இருந்தது, ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற அளவில் இருந்தது.

பெல்ட்டைச் சட்டைக்கு உள்ளே போட்டுக்கொள்ளச் சொன்னாள் மல்லிகா. முடியாது என்றேன். வெள்ளைச் சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டேன். பார்க்கிறவர்கள் நன்றாகப் பார்க்கட்டும்.

ஜெயங்கொண்டத்தைத் தாண்டி முந்திரித் தோப்புக்கு நடுவில் மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம் கோயில். வாசலிலேயே பேனர். குத்துவிளக்குக்கு நடுவில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். கீழே நிஜமாக நான் நடந்து வருவதைப் பார்த்து, சமையல்காரர் ஒருவர் மேலேயும் கீழேயும் இரண்டு தரம் பார்த்தார். வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மொட்டை முடிந்து, தலையில் சந்தனத்தோடு கவின் அம்மா இடுப்பில் இருந்தான். ஆசாரி ஊசியோடு தயார். மணைப்பலகையில் மாலை போட்டுக்கொண்டு ராஜா உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் ஸ்பிரிங் மாதிரி எழுந்தான்.

"வாங்கண்ணே. காலைலேர்ந்து உங்களத்தாண்ணே பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டான். பாவம், அவனை எவன் கேட்டான்? கூலிங் கிளாஸ் போட்டோவும் ஏதோ பழைய கல்யாணத்தில் எடுத்ததாம்.

மல்லிகா நாற்காலியைக் கொண்டுவந்து மணைக்குப் பக்கத்தில் போட்டாள். மாமன் சேரில் உட்காரலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஆசாரிக்கு மட்டும் ஏக சந்தோஷம். அவர் குனிய வேண்டாமே!

உட்கார்ந்தேன். முதுகை நிமிர்த்திக் கால்களைச் சேர்த்து வைத்தேன். மடி தயார்.

யாரும் நகரவில்லை.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. வீட்டிலிருந்து அத்தனை வீராப்பாகக் கிளம்பி வந்துவிட்டேன். ஆனால் என்னால் எழுந்து போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. யாராவது கொண்டுவந்து வைக்க வேண்டும். யாரும் வைக்காவிட்டால்? இத்தனை பேர் நடுவில் வெறும் மடியோடு உட்கார்ந்துவிட்டு எழுந்து போக வேண்டும். அந்த ஒரு நிமிஷம் பயந்த மாதிரி நான் எந்த ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கும் பயந்ததில்லை.

கெஞ்சக் கூடாது என்று மட்டும் முடிவு செய்தேன். சத்தமாகவே சொன்னேன். "நான் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. என்கிட்டேர்ந்து புள்ளைக்கு ஒண்ணும் வராதுன்னும் சொல்லியிருக்காங்க. யாரு கொண்டாந்து வைக்கிறீங்க?"

மாப்பிள்ளை தன் அம்மாவைப் பார்த்தார். அந்தம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கவினையே பார்த்தார். கலை என்னைப் பார்த்தாள். மாலைக்குக் கீழே இருந்த பெல்ட்டைப் பார்த்தாள். அவள் முகம் கோணியது.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க" என்றாள். "எங்கண்ணன் மடியிலதான் எம்புள்ளைக்குக் காது குத்தணும்."

நாலே எட்டில் வந்து வைத்துவிட்டாள்.

சில்லென்று சந்தனத் தலை என் நெஞ்சில் வந்து முட்டியது. பிள்ளைக் கனம்! தொடையில் அந்தக் கனம் இறங்கியதும் நான் எல்லாவற்றையும் மறந்தேன். ஊசியைப் பார்த்ததும் பையன் துள்ளினான். ராஜா கால்களைப் பிடித்துக்கொண்டான். கலை தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் அசையாமல் இருந்தேன். ஒரு காது குத்தியதும் கவின் வீறிட்ட சத்தம் தோப்பு முழுக்கக் கேட்டிருக்கும். கைக்கு எட்டிய என் மீசையைப் பிடித்து ஒரே இழு. அடுத்த காதுக்கும் அதே இழு.

அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்றுதான் இங்கே எழுத வேண்டும். கொஞ்சம் மீசை வலியும் கலந்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கலை பிள்ளையை எடுத்துக்கொண்டாள். உடனே மல்லிகா என் காலடியில் உட்கார்ந்து, கால் விரலை ஆட்டிக் காட்டச் சொன்னாள். ஆட்டினேன். பத்தும் ஆடியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் முகம் மலர்ந்தது.

இதோடு என் நோய் குணமாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அது அங்கேதான் இருக்கிறது. எத்தனை நாள் என்று நானும் கேட்கவில்லை, டாக்டரம்மாவும் சொல்லவில்லை. அதுவரைக்கும் என் இடத்தில் நான்தான் உட்காருவேன், அவ்வளவுதான். ரெஸ்ட் எடுக்கச் சொல்கிறவர்கள் தயவு செய்து அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் என் மர நாற்காலியிலேயே உட்கார்ந்து கறிச்சோற்றை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தேன். கலையின் மாமியார் ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்குச் சங்கடமாக இருந்தது. மன்னிப்பு கின்னிப்பு கேட்டு அழுதால் என்ன பதில் சொல்வது?

அந்தம்மா அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டு, என் கையைத் தொட்டார்.

"ஏன் தம்பி, அந்தக் கரண்ட் இருக்குல்ல... அதை முட்டி வலிக்கும் வைப்பாங்களா? ரெண்டு முட்டியும் ராத்திரில தூங்க விடமாட்டேங்குது."

டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் அத்தை என்றேன். அதற்கப்புறம் கால் மணி நேரம் வலது முட்டியின் கதை, கால் மணி நேரம் இடது முட்டியின் கதை. ஒன்று விடாமல் கேட்டேன். இலையில் சோறு ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை, அத்தனை சந்தோஷம் எனக்கு.

சாகப் போகிறவனிடம் யாராவது தன் முட்டி வலியைச் சொல்லி அழுவார்களா, சொல்லுங்கள்!